எல்க் வேட்டைக் காட்டில் யார் எங்கே கூடாரம் போடலாம்? அவுட்ஃபிட்டர் முகாம்களும் பொதுநில உரிமையும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடும் பருவம். கொலராடோ, மொன்டானா, ஐடஹோ, வயோமிங் என எங்கே பார்த்தாலும் இந்த மூன்று மாதங்களில் ஒரே தகராறு திரும்பத் திரும்ப வரும். முதுகில் சுமையோடு ஏழெட்டு கிலோமீட்டர் மலையேறி வரும் ஒருவர், தான் மனதில் குறித்து வைத்திருந்த புல்வெளியில் பெரிய கித்தான் கூடாரங்களும் கோவேறு கழுதைகளும் நிற்பதைப் பார்க்கிறார். கூடாரத்திலிருந்து வெளியே வரும் ஆள், “இது எங்கள் ஏரியா, வேறு இடம் பாருங்கள்” என்கிறார். அடுத்த பள்ளத்தாக்கில் கதை தலைகீழ். காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்காரர்களை அழைத்துவந்து, இருபது வருடமாக அங்கே முகாம் நடத்தும் அவுட்ஃபிட்டரின் குதிரைகள் மேயும் இடத்துக்கு நூறு அடியில் யாரோ நான்கு சிறு கூடாரங்களை அடித்து, இரவு பதினொரு மணி வரை பாட்டுப் போடுகிறார்கள்.

இரு தரப்பும் சொல்வது ஒன்றுதான்: “இது பொதுநிலம்.” அதில் இருவருமே சரி. அப்புறம் ஏன் இத்தனை மனக்கசப்பு? சட்டம் என்ன தருகிறது, அந்த நிலமும் அந்த விலங்கும் மனிதரிடம் என்ன கேட்கின்றன என்ற இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில், நிலம் யாருடையது? விலங்கு யாருடையது?

இந்தியாவில் 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது அநேகமாக முழுவதும் தடை. அதனால் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு அரசு வனத்தில் வேட்டையாடுவது என்ற ஏற்பாடே நம்மில் பலருக்குப் புதிது. அமெரிக்காவில் அது இரண்டு அடுக்காக இயங்குகிறது.

விலங்கு மாநில அரசின் பொறுப்பு. எத்தனை எல்க்கை, எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், வில்லாலா துப்பாக்கியாலா என்பதை மாநிலத்தின் வனவிலங்குத் துறை முடிவு செய்யும். வேட்டைக்காரர் அதற்கான லைசென்ஸையும் ‘டேக்’ எனப்படும் சீட்டையும் வாங்க வேண்டும். ஒரு டேக் ஓர் எல்க்குக்கு. பல பகுதிகளில் இது குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். நல்ல பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

இந்த வேட்டை நடக்கும் மேற்கு மலைக்காட்டு நிலமோ பெரும்பாலும் மத்திய அரசுடையது. நாடு முழுவதும் சுமார் 64 கோடி ஏக்கர், அதாவது மொத்த நிலப்பரப்பில் கால்பங்குக்கு மேல், மத்திய அரசின் கையில் இருக்கிறது. எல்க் வேட்டைக்கு முக்கியமானவை இரண்டு துறைகள். தேசிய வனங்களை நடத்தும் வனச் சேவைத் துறையிடம் சுமார் 19.3 கோடி ஏக்கர். நில மேலாண்மைத் துறையிடம் சுமார் 24.5 கோடி ஏக்கர். முகாம், சாலை, தீ, குப்பை, குதிரை பற்றிய விதிகளெல்லாம் இவர்களுடையவை.

ஆக, டேக் மாநிலத்திடம், கூடாரம் மத்திய அரசிடம். இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கழிப்பறை, தண்ணீர்க் குழாய், எண் போட்ட இடம் எதுவும் இல்லாத காட்டில் தானாக ஓரிடம் பார்த்து முகாம் போடுவதை இந்த நிலங்களில் பொதுவாக யாரும் செய்யலாம். கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை. ஆனால் வரம்புகள் உண்டு. பெரும்பாலான இடங்களில் 14 நாள்தான் உச்சம். நில மேலாண்மைத் துறையின் நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள். ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 100 அல்லது 200 அடி தள்ளி இருக்க வேண்டும். எண்கள் வனத்துக்கு வனம் மாறும் என்பதால், போகும் வனத்தின் நடப்பு ஆணையைப் படிக்காமல் கிளம்பக் கூடாது.

அவுட்ஃபிட்டர் என்பவர் யார்?

காசு வாங்கிக்கொண்டு வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் கொண்டுபோய், தங்கவைத்து, சமைத்துப் போட்டு, வேட்டைக்கு உதவி, இறைச்சியோடு வெளியே கொண்டுவரும் தொழில் நடத்துபவர்தான் அவுட்ஃபிட்டர். அவரிடம் வேலை பார்த்து வாடிக்கையாளரோடு நேரில் நடப்பவர் வழிகாட்டி. பேச்சில் இரண்டும் கலந்துவிடும். பொறுப்பு அவுட்ஃபிட்டருடையது, பர்மிட்டும் அவர் பெயரில்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் இரண்டு பெரிய வகை. ஒன்றில் வழிகாட்டி, சமையல்காரர், குதிரை எல்லாம் உண்டு; ஒரு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். மற்றது ‘டிராப் கேம்ப்’. அவுட்ஃபிட்டர் கோவேறு கழுதைகளில் கூடாரம், அடுப்பு, விறகு, கட்டில் எல்லாம் கொண்டுபோய் வைத்து, வாடிக்கையாளரையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அதன்பின் அவர்கள் பாடு. ஏழு நாள் கழித்து வந்து ஏற்றிக்கொண்டு போவார். காட்டில் கண்ணில் படும் பெரிய கித்தான் கூடாரத்தில் அவுட்ஃபிட்டரே இருப்பார் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பவர் அந்தக் காட்டுக்கு முதல்முறை வந்த, விதிகள் பற்றி அதிகம் தெரியாத வெளியூர்க்காரராக இருக்கலாம். “இது எங்கள் இடம், நாங்கள் பணம் கட்டியிருக்கிறோம்” என்று அவர் சொன்னால், அது அவர் அப்படிப் புரிந்துகொண்டதால். அவர் கட்டிய பணம் சேவைக்கு. நிலத்துக்கு இல்லை.

இந்தத் தொழில் நடத்த மாநிலத்தில் ஓர் உரிமம் வேண்டும். ஐடஹோ, மொன்டானா, வயோமிங் ஆகியவற்றில் இதற்கென்றே வாரியங்கள் உண்டு. கொலராடோவில் மாநில அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு மேல், மத்திய நிலத்தைப் பயன்படுத்த அந்தந்தத் துறையின் சிறப்புப் பர்மிட் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது கள்ளத்தொழில்.

பர்மிட் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை?

வனச் சேவைத் துறையின் பர்மிட் குறுகிய காலத்துக்கும் இருக்கலாம், நல்ல நடத்தைப் பதிவு உள்ளவர்களுக்கு 10 ஆண்டு வரையும் இருக்கலாம். பதிலுக்கு அவுட்ஃபிட்டர் தன் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்டுகிறார். பொதுவாக 3 சதவீத அளவில். எத்தனை வாடிக்கையாளர், எத்தனை நாள் என்பதும் எண்ணி ஒதுக்கப்படும். ஒரு வாடிக்கையாளர் ஒரு நாள் இருந்தால் அது ஒரு ‘சேவை நாள்’. அதற்கு மேல் போகக் கூடாது.

1. பர்மிட் தொழில் செய்யும் அனுமதியைத் தருகிறது. பொதுமக்களை விலக்கும் அதிகாரத்தைத் தரவில்லை. ஒரு பள்ளத்தாக்கு, ஒரு மலைச்சரிவு, ஒரு புல்வெளி எதையும் “எனக்கு மட்டும்” என்று அவர் சொல்ல முடியாது.

2. பல பர்மிட்டுகளில் ‘ஒதுக்கப்பட்ட முகாமிடம்’ என்று குறிப்பிட்ட இடங்கள் வரைபடத்தோடு எழுதப்பட்டிருக்கும். பர்மிட்டில் சொன்ன காலத்தில் கூடாரமும் குதிரைக் கட்டும் நிற்கும் அந்தச் சிறு இடம் அவருடைய பயன்பாட்டுக்கு. அதிலே போய் நீங்கள் கூடாரம் அடிக்கக் கூடாது. சுற்றியுள்ள காடு ஒதுக்கப்பட்டதில்லை.

3. அவுட்ஃபிட்டர்களுக்குள் பகுதி பிரித்துக் கொடுக்கும் வழக்கம் சில மாநிலங்களில் உண்டு. ஐடஹோவில் ஓர் அவுட்ஃபிட்டரின் உரிமம் பெற்ற பகுதிக்குள் இன்னொரு அவுட்ஃபிட்டர் அதே வேட்டைத் தொழிலை நடத்த வர முடியாது. “என் ஏரியா” என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. இன்னொரு தொழில்காரரிடம் சொன்னால் அது உண்மை. லைசென்ஸோடு தானாக வந்த பொதுமகனிடம் சொன்னால் அதற்குப் பொருள் இல்லை.

4. பர்மிட் அவருக்கு வசதி கொடுப்பதோடு கட்டவும் செய்கிறது. ஒதுக்கிய இடத்தில்தான் முகாம். ஒதுக்கிய நாளில்தான் ஆள். விறகு, மேய்ச்சல், கழிவு, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் நிபந்தனை. இன்று காலை எல்க் கூட்டம் அடுத்த மலைக்குப் போய்விட்டது என்றால், தானாக வந்த வேட்டைக்காரர் கூடாரத்தை மடித்துக்கொண்டு அங்கே போகலாம். அவுட்ஃபிட்டரால் முடியாது.

இந்த விஷயத்தில் என் தீர்ப்பு நாலாவது புள்ளியில்தான் நிற்கிறது. உரிமை என்று பார்த்தால் இருவரும் சமம். ஆனால் இருவரில் நகரக்கூடியவர் ஒருவர்தான். மரியாதை என்று இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் அந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது. பெரிய கூடாரம் வைத்திருப்பவருக்குப் பணிந்துபோவது பற்றிய பேச்சே இதில் இல்லை. நகர முடியாதவருக்கு நகர முடிந்தவர் கொஞ்சம் வழி விடுகிறார். அதற்குப் பதிலாக, பர்மிட்டைக் காட்டி மிரட்டாமல் இருக்கும் கடமை அவுட்ஃபிட்டருக்கு உண்டு.

தூரம் ஏன் முக்கியம்? காற்றைக் கேளுங்கள்

“சட்டப்படி அவர் முகாமிலிருந்து 300 அடியில்கூட நான் முகாம் போடலாமே?” என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். போட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க எல்க்கின் ஒருநாள் நடையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்க் மான் குடும்பத்தின் பெரிய உருவங்களில் ஒன்று. நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் போகும். இரவில் திறந்த புல்வெளியில் மேய்ந்து, விடியும் நேரத்தில் அடர்ந்த மரக்கூட்டத்துக்குள், பெரும்பாலும் குளிர்ச்சியான வடக்குச் சரிவில் போய்ப் படுக்கும். மாலையில் திரும்ப இறங்கும். செப்டம்பர் இணைசேரும் பருவம். ஆண்கள் சீழ்க்கை போல நீளமாக, உச்சத்தில் குரல் எழுப்பும். வில் வேட்டைக்காரர்கள் இந்தக் குரலைப் பின்பற்றித்தான் நெருங்குகிறார்கள்.

இந்த விலங்கின் பெரிய பாதுகாப்பு மூக்கு. மலைக்காட்டில் காற்று ஓர் ஒழுங்கோடு நகரும். விடியலிலும் மாலையிலும் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழிறங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்று மேலெழும்பும். ஓடைக்கரையில் இருக்கும் முகாமின் புகை, சமையல், வியர்வை, குதிரைச் சாணம் எல்லாம் காலை ஒன்பது பத்து மணிக்கு மேல் சரிவில் ஏறி, எல்க் படுத்திருக்கும் மரக்கூட்டத்தைத் தொடும். மேட்டில் போட்ட முகாமின் மணம் மாலையில் புல்வெளிக்கு இறங்கும். இப்படி ஒரு முகாம் இருக்கும் இடத்தில் எல்க் தன் வழியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு தாங்கிக்கொள்ளும். இரண்டு முகாம்கள் புல்வெளியின் இரு முனைகளில் நின்றால், எந்த நேரம் எந்தக் காற்று அடித்தாலும் மனித மணம் இருந்துகொண்டே இருக்கும். கூட்டம் மேட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். பல இடங்களில் அந்த அடுத்த பள்ளத்தாக்கு யாரும் நுழைய முடியாத தனியார் பண்ணை. எல்க் அங்கேயே பருவம் முடியும் வரை தங்கிவிடுவதும் உண்டு.

கெடுவது அவுட்ஃபிட்டரின் வியாபாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆண்டுக்கணக்கில் டேக்குக்குக் காத்திருந்து வந்தவரின் வேட்டையும் அதே காற்றில்தான் போகிறது.

சரி, எவ்வளவு தூரம்? சட்டத்தில் எண் இல்லை. வழக்கத்தில் உள்ள குறைந்தபட்ச அளவு: ஒருவர் முகாம் மற்றவர் கண்ணில் படக் கூடாது, பேச்சு காதில் விழக் கூடாது. நடைமுறையில் அரை மைல், அதாவது சுமார் 800 மீட்டர். முடிந்தால் ஒரு மைல். ஆனால் மீட்டரைவிட நில அமைப்புதான் முக்கியம். இரண்டு முகாம்களுக்கு நடுவே ஒரு மலைமுகடு இருந்தால் அரை மைல் தாராளம். கிண்ணம் போன்ற ஒரே பள்ளத்தில் இருந்தால் ஒன்றரை மைல்கூட நெருக்கம்தான், ஏனென்றால் ஒரே எல்க் கூட்டத்தைத்தான் இருவரும் துரத்தப் போகிறீர்கள். அங்கே வேறொரு நீர்ப்பிடிப்புக்கே, அதாவது வேறோர் ஓடையின் பள்ளத்தாக்குக்கே, போய்விடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. எல்க் உடலைக் குளிர்விக்கப் புரளும் சேற்றுக்குழி, மலைமுகட்டில் இரு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய், புல்வெளியும் மரக்கூட்டமும் சேரும் விளிம்பு ஆகிய இடங்களில் யாருமே முகாம் போடக் கூடாது. பக்கத்தில் அவுட்ஃபிட்டர் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

யார் முதலில் வந்தார்? நடைமுறையில் வரும் நிலைமைகள்

1. அவர்கள் முகாம் ஏற்கெனவே நிற்கிறது, நீங்கள் பிறகு வருகிறீர்கள். தள்ளிப் போய்ப் போடுங்கள். இருட்டிவிட்டது, மேலே நடக்க முடியாது என்றால் முகாமுக்குப் போய்ச் சொல்லிவிட்டு அந்த ஒரு இரவு மட்டும் தங்கி, காலையில் நகருங்கள். நேரில் போய்ச் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வது அரிது. சொல்லாமல் இருட்டில் கூடாரம் அடிப்பதுதான் கோபத்தைக் கிளப்பும்.

2. காலியாக இருக்கிறது, ஆனால் பழைய முகாமின் தடம் தெரிகிறது. மரங்களில் சாய்த்து வைத்த நீளமான கம்பங்கள், குதிரை கட்டியதால் மிதிபட்ட தரை, பெரிய கூடாரத்துக்குச் சமன்படுத்திய இடம். இது ஒதுக்கப்பட்ட முகாமிடமாக இருக்கலாம். கிளம்புவதற்கு முன்பே அந்த வட்டார ரேஞ்சர் அலுவலகத்தில் “இந்த நீர்ப்பிடிப்பில் ஒதுக்கப்பட்ட முகாம்கள் எங்கே?” என்று கேட்டுவிட்டால் இந்தச் சங்கடமே வராது. ஒரு போன் போதும். இதைவிடப் பயனுள்ள முன்னேற்பாடு வேறு இல்லை என்பேன்.

3. ஒதுக்கப்படாத இடத்தில் நீங்கள் முதலில் இருக்கிறீர்கள், பிறகு அவுட்ஃபிட்டர் ஆட்களோடு வருகிறார். நீங்கள் எழுந்து போக வேண்டியதில்லை. அவர்தான் தள்ளிப் போக வேண்டும். இந்த மரியாதை ஒருவழிப் பாதையாக இருந்தால் அது நிலைக்காது.

4. ஆளில்லாத கூடாரம். பருவம் தொடங்க இரண்டு வாரம் முன்பே வந்து ஒரு மலிவான கூடாரத்தை அடித்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது, பஸ் சீட்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றது. பல வனங்களில் முகாமை ஆளில்லாமல் இத்தனை மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்று ஆணை உண்டு; 24 மணி நேரம் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. தனியாரும் செய்கிறார்கள், சில அவுட்ஃபிட்டர்களும் செய்கிறார்கள். யார் செய்தாலும் அதைக் கலைப்பது உங்கள் வேலை இல்லை. அடுத்தவர் பொருளைத் தொட்டால் குற்றம் உங்கள் தலையில் விழும். படம் எடுத்து ரேஞ்சரிடம் கொடுங்கள்.

முகாம் போட்ட அன்று மாலையே பக்கத்து முகாமுக்கு ஒரு நடை போய், “நாளைக் காலை நாங்கள் வடக்குச் சரிவு, நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டுக்கொள்வது பழைய வழக்கம். இதில் பாதுகாப்பும் இருக்கிறது. விடியலின் அரை இருட்டில் இரண்டு குழுக்கள் ஒரே மரக்கூட்டத்துக்குள் எதிரெதிரே நுழைவது ஆபத்து. துப்பாக்கிப் பருவத்தில் கொலராடோவில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு அணிவது கட்டாயம். ஆனாலும் எங்கே யார் இருக்கிறார் என்று தெரிந்திருப்பதற்கு அது ஈடாகாது.

குதிரைகளும் கோவேறு கழுதைகளும்

காலால் நடந்து வருபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். அவுட்ஃபிட்டரின் முகாம் என்பது பத்துப் பதினைந்து பெரிய மிருகங்கள் வாழும் இடம். அவற்றில் ஒன்று மிரண்டால் சங்கிலியாகக் கட்டிய எல்லாம் மிரளும். செங்குத்தான பாதையில் அது உயிரைக் குடிக்கும்.

பாதையில் சுமைக் கூட்டம் எதிரே வந்தால், பாதையை விட்டுத் தாழ்வான பக்கமாக இறங்கி நில்லுங்கள். மிரண்ட குதிரை மேட்டுப் பக்கம் பாய்ந்தால் சமாளிக்கலாம், சரிவில் பாய்ந்தால் முடியாது. மரத்துக்குப் பின்னால் மறையாதீர்கள். சாதாரணக் குரலில் பேசுங்கள். பெரிய முதுகுமூட்டையோடு அசையாமல் நிற்கும் உருவத்தை மனிதர் என்று குதிரைக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். குரல் கேட்டால் தெரிந்துவிடும். சுமைக்கு லாமாவை (ஒட்டக இனத்தைச் சேர்ந்த தென் அமெரிக்க மிருகம்) வாடகைக்கு எடுத்து வருபவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். லாமாவைப் பார்த்தே இராத குதிரைகள் கடுமையாக மிரளும்.

பாதை தொடங்கும் இடத்தில் வண்டி நிறுத்துவதும் முகாம் மரியாதையின் பகுதிதான். குதிரை டிரெய்லர் கட்டிய வண்டி திரும்ப நிறைய இடம் வேண்டும். நடுவில் ஒரு காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஐந்து நாள் காட்டுக்குள் போய்விட்டால், அன்றிரவு காயம்பட்டவரோடு வெளியே வரும் குழு மாட்டிக்கொள்ளும்.

இரவில் குதிரைகளைக் கட்டும் ஏற்பாட்டுக்கு இரண்டு மரங்களுக்கு நடுவே உயரக் கட்டிய கயிறும், மரப்பட்டை சேதமாகாமல் அகலமான பட்டையும் பயன்படுத்துவார்கள். சில முகாம்களில் மணி கட்டி மேய விடுவார்கள். நீங்கள் பக்கத்துப் புல்வெளியில் கூடாரம் போட்டால் அவற்றின் தீனியை மறிக்கிறீர்கள். அவுட்ஃபிட்டருக்கும் இங்கே கடமை உண்டு: களைவிதை இல்லை என்று சான்று பெற்ற வைக்கோல்தான் கொண்டுவர வேண்டும், ஓடைக்கரையில் கட்டக் கூடாது, சாணத்தைக் கலைத்துப் பரப்ப வேண்டும். 1964-ன் வில்டர்னஸ் சட்டத்தில் வரும் பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஆள், மிருக எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு உண்டு. மொன்டானாவின் பாப் மார்ஷல் காட்டில் ஒரு குழுவுக்கு 15 பேர், 35 சுமை மிருகங்கள். அங்கே மோட்டாரும் இல்லை, சக்கரம் வைத்த தள்ளுவண்டியும் இல்லை.

இறைச்சி, கரடி, குதிரைக்காரருக்குக் கொடுக்கும் பணம்

எல்க் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. எலும்பு நீக்கிய இறைச்சியே சாதாரணமாக 80, 90 கிலோ தேறும். தனி ஆள் மூன்று, நான்கு நடையில்தான் சுமக்க முடியும். இந்த நேரத்தில் பக்கத்தில் குதிரை வைத்திருப்பவர் தெய்வமாகத் தெரிவார். இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. பர்மிட் இல்லாத ஒருவர் தேசிய வனத்தில் காசு வாங்கிக்கொண்டு இறைச்சி சுமந்து தரக் கூடாது. அதுவும் அனுமதியில்லாத தொழில்தான். பர்மிட் உள்ள அவுட்ஃபிட்டர், அவர் பர்மிட்டில் அந்தச் சேவை இருந்தால், கட்டணம் வாங்கிச் செய்யலாம். பருவத் தொடக்கத்திலேயே அவர் எண்ணை வாங்கி, என்ன கட்டணம் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. முதல் நாளே சண்டை போட்டவர்களுக்கு இந்த வசதி கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குடலும் எலும்பும் எங்கே கிடக்கின்றன என்பது அடுத்த கேள்வி. மொன்டானா, வயோமிங், ஐடஹோவின் சில பகுதிகளில் கிரிஸ்லி கரடி உண்டு. அங்கெல்லாம் உணவையும் இறைச்சியையும் பத்தடி உயரத்தில், மரத்திலிருந்து நான்கடி தள்ளித் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியில் வைக்க வேண்டும் என்ற வகை ஆணைகள் நடப்பில் இருக்கின்றன. 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டெட்டன் வில்டர்னஸில், வாடிக்கையாளர் முந்தின நாள் அம்பெய்த எல்க்கை எடுக்கப் போன வழிகாட்டி ஒருவர் கிரிஸ்லி தாக்கி இறந்தார். தொழில் தெரிந்தவருக்கே இந்த ஆபத்து என்றால், அடுத்தவர் முகாமுக்கு அருகில் இறைச்சிக் கழிவை விட்டுப் போவது எவ்வளவு பெரிய தவறு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்க் யாருடைய முகாமுக்காவது அருகில் விழுந்துவிட்டால் உடனே போய்ச் சொல்லுங்கள். எந்த இடம், எப்போது எடுத்து முடிப்பீர்கள் என்று சொன்னால் அவர்கள் குதிரைகளையும் ஆட்களையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்வார்கள்.

இரண்டு விதிவிலக்குகள்

வயோமிங்கில் சட்டமே வேறு. வெளிமாநிலத்தார் அங்கே வில்டர்னஸ் பகுதிக்குள் எல்க் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட வேண்டுமென்றால், உரிமம் பெற்ற வழிகாட்டியோ, அதற்கான அனுமதிச் சீட்டு பெற்ற அம்மாநிலவாசி ஒருவரோ கூட இருக்க வேண்டும். நடக்கலாம், முகாம் போடலாம், மீன் பிடிக்கலாம். அதற்கெல்லாம் வழிகாட்டி வேண்டாம். வேட்டைக்கு மட்டும் வேண்டும். நிலம் நாட்டு மக்கள் அனைவருடையதாக இருக்க, மாநிலம் இப்படி ஒரு வேலி போடுவது நியாயமா என்ற விவாதம் நீண்டகாலமாக நடக்கிறது. எனக்கு இது அவுட்ஃபிட்டர் தொழிலுக்குச் சாதகமான விதியாகவே தெரிகிறது. ஆனால் நடப்பில் இருக்கும் சட்டம் அதுதான்.

இரண்டாவது, தனியார் நிலம். அவுட்ஃபிட்டர் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் அங்கே யாரையும் விலக்க அவருக்கு முழு உரிமை உண்டு. பண்ணையும் பொதுநிலமும் சதுரங்கக் கட்டங்களைப் போல மாறி மாறி வரும் பகுதிகளில்தான் சிக்கல். 2021-ல் வயோமிங்கின் எல்க் மவுண்டன் அருகே, மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் இரண்டு பொதுநிலக் கட்டங்கள் மூலையோடு மூலை தொடும் புள்ளியில், தனியார் மண்ணில் கால் படாமல் ஏணி வைத்துக் கடந்தார்கள். பண்ணை உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் 10-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; அதே ஆண்டு அக்டோபரில் அந்த வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்த 10-வது வட்டார நீதிமன்றத்தின் எல்லைக்குள் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் வருகின்றன. மொன்டானாவும் ஐடஹோவும் அதில் இல்லை. எனவே கையில் உள்ள வரைபடத்தில் பொதுநிலத்தையும் தனியார் நிலத்தையும் பிரித்துக் காட்டும் நிறங்களைச் சரியாகப் பார்த்துவிட்டு, எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதையும் உறுதிசெய்துகொண்டு நடக்க வேண்டும்.

வாக்குவாதம் முற்றினால்

யாராவது உங்களைக் கிளம்பச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது: “இது ஒதுக்கப்பட்ட முகாமிடமா? பர்மிட் எண் என்ன?” நேர்மையான அவுட்ஃபிட்டருக்கு இந்தக் கேள்வியால் கோபம் வராது. அவரிடம் அந்தத் தாள் இருக்கும். ஆமாம், நீங்கள் நிற்பது அந்த இடமேதான் என்று தெரிந்தால் கூடாரத்தை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், நீங்கள் இருக்கலாம். இருந்தாலும் நாளைக்கு நல்ல வேட்டை கிடைக்குமா என்ற கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

சட்டப்படியான வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பதை 50 மாநிலங்களும் குற்றமாக வைத்திருக்கின்றன. மத்திய நிலங்களுக்கு 1994-ல் வந்த தனிச்சட்டமும் உண்டு. உங்களுக்கு முன்னால் குதிரையை ஓட்டி எல்க்கை விரட்டுவது, கூச்சலிடுவது, கூடாரத்தைக் கலைப்பது, வண்டிச் சக்கரத்தில் காற்றை இறக்குவது ஆகியவற்றை அவுட்ஃபிட்டர் செய்தாலும், அவருடைய வாடிக்கையாளருக்கு நீங்கள் செய்தாலும் நிலைமை ஒன்றுதான்.

புகாரைக் காட்டிலேயே தீர்க்கப் பார்க்காதீர்கள். எல்லார் கையிலும் ஆயுதம் இருக்கும் இடம் அது. நாள், நேரம், இடத்தின் ஆயத்தொலைவு, டிரெய்லர் எண், பேசிய வார்த்தைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முகாம், பர்மிட் சம்பந்தப்பட்டது என்றால் வட்டார ரேஞ்சர் அலுவலகம். வேட்டை விதி மீறல் என்றால் மாநில வனவிலங்கு அதிகாரி. உரிமம் இல்லாத தொழில் என்று சந்தேகம் வந்தால் மாநிலத்தின் அவுட்ஃபிட்டர் வாரியமோ பதிவு அலுவலகமோ. வன ஆணையை மீறியதற்கு 5,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்க இடம் இருக்கிறது. பர்மிட் வைத்திருப்பவரின் நடத்தையை வனச் சேவைத் துறை ஆண்டுதோறும் மதிப்பிட்டுப் பதிவு செய்கிறது. எழுத்தில் கொடுத்த புகார் அந்தக் கோப்பில் சேரும். பர்மிட்டைப் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் பார்ப்பது அந்தக் கோப்பைத்தான்.